அடி விழுந்ததா, மந்திரம் பலித்ததா: ஐந்தாம் பதிப்பின் சண்டை, மந்திர விதிகள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்குள்ள விடைகள் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்னும், மேசையைச் சுற்றி அமர்ந்து பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பை, அதாவது 2014இல் வெளிவந்த விதிநூலை அடிப்படையாகக் கொண்டவை. 2024இல் வந்த திருத்தப் பதிப்பு விடையைப் புரட்டிப் போடும் இடங்களில் அதைத் தனியே சொல்லியிருக்கிறேன். ஆக்ஷன், ரியாக்ஷன், ஸ்லாட், சேவ் முதலிய சொற்களை மேசையில் வழங்குகிறபடியே விட்டுவிட்டேன்; அவற்றுக்குப் புதுச் சொல் படைத்தால் எந்த விதியைப் பேசுகிறோம் என்பதே தெரியாமல் போய்விடும். ஆட்டத்தை நடத்துபவர் டிஎம். ஒவ்வொருவரும் ஒரு தடவை ஆடி முடிப்பது ஒரு சுற்று. அதற்குள் ஒருவருக்கு வரும் வாய்ப்பு அவருடைய முறை. அந்த முறையில் அவர் செய்யும் முதன்மைச் செயல் ஆக்ஷன்; ஏதோ ஒன்று நிகழும்போது அதற்கு மறுவினையாகச் செய்வது ரியாக்ஷன். மந்திரம் போடும்போது செலவாகும் இருப்பு ஸ்லாட்; ஆபத்திலிருந்து தப்ப உருட்டும் பகடை சேவ். ‘நிலை’ என்பது கதாபாத்திரமோ மந்திரமோ எட்டியிருக்கும் வலிமைப் படி.

ஒரே பத்தியை இருவர் இரு விதமாகப் படிக்கிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?

அந்தப் பத்தியை வாய்விட்டுப் படிப்பதிலிருந்து. இது கிண்டல் அல்ல. மேசையில் எழும் சச்சரவுகளில் பெரும்பாலானவை விதியைப் பற்றியவை அல்ல, விதியைப் பற்றிய ஞாபகத்தைப் பற்றியவை. படித்த பிறகும் ஐயம் இருந்தால் மூன்று கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். இது எப்போது நிகழ்கிறது? யாரை அல்லது எதைக் குறிவைக்கிறது? எவ்வளவு நேரம் நீடிக்கிறது? ஐந்தாம் பதிப்பின் ஆசிரியர்கள் பேச்சு வழக்கான மொழியில் எழுதினாலும், இந்த மூன்று இடங்களில் மட்டும் சொற்களை எண்ணிப் போட்டிருக்கிறார்கள். ‘உயிரி’ என்று எழுதியிருந்தால் கதவு அதில் அடங்காது. 2014 நூலின் எல்ட்ரிச் பிளாஸ்ட் மந்திரம் உயிரியை மட்டுமே தாக்கும். ஃபயர் போல்ட் உயிரியையும் பொருளையும் தாக்கும். ஆகவே பூட்டிய கதவின் முன் நிற்கும் வார்லாக் என்னும் மந்திரவாதி தன் முதன்மை மந்திரமான எல்ட்ரிச் பிளாஸ்டை அதன்மேல் ஏவ முடியாது என்பதே எழுத்தின்படி சரி.

இதற்கு மேல் ஒரே ஒரு பொது விதி உண்டு: குறிப்பான விதியும் பொது விதியும் மோதினால் குறிப்பானதே வெல்லும். போனஸ் ஆக்ஷனில் ஓட முடியாது என்பது பொது விதி. இரண்டாம் நிலையை எட்டிய ரோக் (பதுங்கித் தாக்கும் கதாபாத்திர வகை) ஓடலாம் என்பது குறிப்பான விதி. இதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு, ‘பொது விதி தடுக்கிறதே’ என்று வாதிடுபவரோடு மணிக்கணக்கில் மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஆக்ஷன் மிச்சமிருக்கிறது. அதைக் கொண்டு இரண்டாவது போனஸ் ஆக்ஷன் செய்யலாமா?

முடியாது. போனஸ் ஆக்ஷன் சிறிய ஆக்ஷன் அல்ல, அது வேறு கணக்கு. ஏதாவது ஒரு திறனோ மந்திரமோ கொடுத்தால்தான் அது உங்களிடம் இருக்கவே செய்யும்.

ரோக்கின் ஸ்னீக் அட்டாக் ஒரு சுற்றில் ஒரு தடவையா, ஒரு முறையில் ஒரு தடவையா?

ஒரு முறையில் ஒரு தடவை. வேறுபாடு சிறியதாகத் தோன்றும். கணக்கில் அது பெரிது. ஒரு சுற்று கதைக்குள் 6 விநாடி. அதில் சண்டையிடும் ஒவ்வொருவருக்கும் ஒரு முறை உண்டு. ஐந்தாம் நிலை ரோக் தன் முறையில் ஸ்னீக் அட்டாக்கால் 3டி6 (மூன்று ஆறுமுகப் பகடை) கூடுதல் சேதம் கொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறார். அடுத்து எதிரியின் முறை வருகிறது. அவன் ரோக்கின் அருகிலிருந்து விலகி ஓடுகிறான். ரோக் தன் ரியாக்ஷனைக் கொண்டு வாய்ப்புத் தாக்குதல் செய்கிறார். இது எதிரியின் முறை, அதாவது வேறொரு முறை. ஸ்னீக் அட்டாக்கின் மற்ற நிபந்தனைகள் பொருந்தினால் இன்னொரு 3டி6 விழும். இதை ஏமாற்று வேலை என்று நினைக்கும் டிஎம்கள் பலர் உண்டு. ஆனால் ஒரு முறையில் ஒரே ஒரு பெரிய அடி என்று வாழும் ரோக்குக்கு, எப்போதாவது ஒரு சுற்றில் இரண்டாவது அடி கிடைப்பதால் ஆட்டம் குலைந்துவிடாது.

எதிரி என் எதிரிலேயே சுற்றிச் சுற்றி வருகிறான். வாய்ப்புத் தாக்குதல் செய்யலாமா?

உங்கள் கை எட்டும் தூரத்துக்குள்ளேயே அவன் நகரும்வரை செய்ய முடியாது. முந்தைய பதிப்புகளில் ஆடிப் பழகியவர்கள் இங்கேதான் இடறுவார்கள். ஐந்தாம் பதிப்பில் எல்லையை விட்டு வெளியேறுவது மட்டுமே கணக்கு. வெளியேறுவதற்கு முந்தைய நொடியில் அடி விழுகிறது, ஆகவே அடிபடும்போது அவன் இன்னும் உங்கள் எல்லைக்குள்தான் நிற்கிறான். அவனை நீங்கள் பார்க்க முடிய வேண்டும். அவன் பாதுகாப்பாக விலகும் டிஸ்எங்கேஜ் ஆக்ஷன் எடுத்திருந்தாலோ, மந்திரத்தால் இடம் மாறினாலோ, வேறொருவர் தள்ளி அதனால் விலகினாலோ உங்களுக்கு வாய்ப்பு இல்லை. நண்பர் எதிரியைத் தள்ளிவிட, வழியில் நிற்பவர்கள் எல்லாம் ஆளுக்கொரு அடி கொடுப்பது என்ற கனவு இதனால் பலிக்காது.

இந்த அடி கைகலப்புத் தாக்குதலாக மட்டுமே இருக்க முடியும். மந்திரம் வீச வேண்டுமானால் வார் காஸ்டர் என்னும் ஃபீட் (கதாபாத்திரம் தேர்ந்துகொள்ளும் சிறப்புத் திறன்) வேண்டும்.

எனக்கு மூன்று காரணங்களால் அட்வான்டேஜ், ஒரு காரணத்தால் டிஸ்அட்வான்டேஜ். மிச்சம் இரண்டு அட்வான்டேஜ்தானே?

மிச்சம் ஒன்றுமில்லை. அட்வான்டேஜ் என்றால் இருபது முகப் பகடை இரண்டை உருட்டிப் பெரிய எண்ணை எடுப்பது, டிஸ்அட்வான்டேஜ் என்றால் சிறிய எண்ணை எடுப்பது. இரண்டில் ஒவ்வொன்றும் குறைந்தது ஒன்றாவது இருந்தால், எத்தனைக்கு எத்தனை என்று பார்க்காமல் அனைத்தும் அழிந்து, ஒரே பகடையை உருட்ட வேண்டும். மூன்று அட்வான்டேஜ் மட்டுமே இருந்தாலும் இரண்டு பகடைதான், மூன்றாவது கிடையாது.

இதன் மதிப்பு என்னவென்று கேட்பவர்களுக்கு: 11 அல்லது அதற்கு மேல் வேண்டிய இடத்தில் அட்வான்டேஜ் 50 சதவீதத்தை 75ஆக உயர்த்துகிறது. 20 மட்டுமே வேண்டிய இடத்தில் 5 சதவீதம் 9.75 ஆகிறது. நடுவில் இருப்பவர்க்கே லாபம் அதிகம்.

இந்த விதியின் எளிமைக்கு ஒரு விலை உண்டு. அடர்ந்த மூடுபனிக்குள் இரண்டு வில்லாளிகள் நிற்கிறார்கள் என்று வையுங்கள். ஒருவரையொருவர் பார்க்க முடியாது. இலக்கைப் பார்க்க முடியாததால் டிஸ்அட்வான்டேஜ், இலக்குக்கு நம்மைப் பார்க்க முடியாததால் அட்வான்டேஜ், இரண்டும் அழிகின்றன. அதோடு நில்லாமல், வில்லின் நீண்ட தூரத்துக்கான டிஸ்அட்வான்டேஜும் சேர்ந்து அழிந்துவிடுகிறது. பனியே இல்லாத தெளிந்த வெளியில் நின்று எய்வதைவிட, நெடுந்தூர இலக்கைக் குருட்டுப் பனியில் எய்வது எளிது! எழுத்து அப்படித்தான் சொல்கிறது. நான் நடத்தும் ஆட்டத்தில், இருவருக்கும் பார்வை இல்லாவிட்டால் இருவருக்குமே டிஸ்அட்வான்டேஜ் என்று முதல் நாளே அறிவித்துவிடுகிறேன். இது வீட்டு விதி. நூலின் விதி அல்ல.

கண்ணுக்குத் தெரியாமல் இருந்தால் நான் மறைந்திருக்கிறேன் என்றுதானே பொருள்?

2014 நூலின்படி இல்லை. உங்களைப் பார்க்க முடியாது, ஆனால் காலடிச் சத்தம் கேட்கும், மண்ணில் தடம் பதியும். நீங்கள் நிற்கும் கட்டம் எது என்பது எதிரிக்குத் தெரியும். அங்கே டிஸ்அட்வான்டேஜோடு வாள் வீசலாம். அதையும் மறைக்க வேண்டுமானால் ஹைட் ஆக்ஷன் எடுத்து ஸ்டெல்த் உருட்ட வேண்டும்.

ஷீல்ட் மந்திரத்தைப் போடலாமா என்று முடிவு செய்வதற்கு முன் எதிரி உருட்டிய எண்ணை எனக்குச் சொல்ல வேண்டுமா?

நூல் கட்டாயப்படுத்தவில்லை. அடி பட்டது என்ற செய்தி மட்டும் உங்களுக்கு வந்தாக வேண்டும், ஏனெனில் ‘அடிபடும்போது’ என்பதே அந்த மந்திரத்தின் தூண்டுதல். உங்கள் ஏசி (உங்கள்மேல் அடி பட எதிரி எட்ட வேண்டிய எண்) 16 என்று கொள்வோம். எதிரியின் மொத்தம் 18 என்றால், ஷீல்ட் தரும் +5 உங்களை 21க்கு உயர்த்தி அந்த அடியைத் தவறச் செய்துவிடும். மொத்தம் 22 என்றால் ஸ்லாட் வீண், அந்த அடிக்கு மட்டும். அடுத்த உங்கள் முறை தொடங்கும்வரை +5 நீடிப்பதால் முழுக்க வீண் என்று சொல்லிவிட முடியாது. பகடையில் 20 விழுந்திருந்தால் எந்த ஏசியும் காப்பாற்றாது.

எண்ணைச் சொல்லிவிடுவதே என் வழக்கம். மந்திரவாதி தன் மிகச் சிறந்த முதல்நிலை மந்திரத்தைக் குருட்டு யூகத்தில் செலவழிப்பதில் எந்தச் சுவையும் இல்லை. ஒளித்து ஆடும் மேசைகளும் உண்டு. அங்கே எதிரி வீரர்கள் ஷீல்ட் போடும்போதும் அதே ஒளிப்பு இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே முறையில் இரண்டு மந்திரங்களைப் போடலாமா?

இது ஒரு விதி அல்ல, இரண்டு பதிப்புகளில் இரண்டு வெவ்வேறு விதிகள்.

2014இல் விதி போனஸ் ஆக்ஷனைச் சுற்றி அமைந்தது. போனஸ் ஆக்ஷனில் ஏதாவது மந்திரம் போட்டால், அதே முறையில் வேறு எந்த மந்திரத்தையும் போடக் கூடாது. ஒரு ஆக்ஷன் பிடிக்கும் கான்ட்ரிப்புக்கு (ஸ்லாட் செலவாகாத எளிய மந்திரம்) மட்டும் விலக்கு. ஹீலிங் வேர்ட் போட்டு நண்பரை எழுப்பிவிட்டு ஃபயர் போல்ட் எறியலாம், ஃபயர்பால் எறிய முடியாது. வரிசையை மாற்றினாலும் விடை மாறாது. மறுபுறம், போனஸ் ஆக்ஷன் மந்திரமே இல்லாவிட்டால் இந்தத் தடையும் இல்லை. ஆகவே ஃபைட்டர் என்னும் போர்வீரரின் ஆக்ஷன் சர்ஜ் (ஒரே முறையில் இன்னொரு ஆக்ஷன் தரும் திறன்) கைவசம் உள்ள மந்திரவாதி ஒரே முறையில் இரண்டு ஃபயர்பால்களை எறியலாம். ஒரு சிறு குணமாக்கும் சொல்லுக்குத் தடை, இரட்டை வெடிப்புக்கு அனுமதி என்னும் இந்த விசித்திரத்தைப் புதியவர்களுக்கு விளக்குவதற்குள் டிஎம்மின் தொண்டை வற்றிவிடும்.

2024இல் அதைத் தூக்கி எறிந்துவிட்டு, ஒரு முறையில் மந்திரம் போடுவதற்காக ஒரே ஒரு ஸ்லாட் மட்டுமே செலவழிக்கலாம் என்று வைத்தார்கள். ஆக்ஷன் சர்ஜைக் கொண்டு, மந்திரம் போடுவதற்கான மேஜிக் ஆக்ஷன் எடுக்கவும் தடை வந்தது. இது தெளிவான விதி. ஆனால் ‘ஒரு முறை’ என்பதில் உங்கள் ரியாக்ஷனும் அடங்கும் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. அது அடுத்த கேள்வியில் வெடிக்கும்.

கவுன்டர்ஸ்பெல்லை எப்போது அறிவிக்க வேண்டும்? எதிரி போடுவது என்ன மந்திரம் என்று முதலில் தெரிய வேண்டாமா?

வேண்டியதில்லை, எழுத்தின்படி பார்த்தால் தெரியவே கூடாது. கவுன்டர்ஸ்பெல் என்பது பிறர் போடும் மந்திரத்தை இடையிலேயே கலைக்கும் ரியாக்ஷன் மந்திரம்; 60 அடிக்குள் ஓர் உயிரி மந்திரம் போடுவதைப் பார்ப்பதே அதன் தூண்டுதல். எந்த மந்திரம் என்பதைப் பார்ப்பது அல்ல.

மேசையில் இது எப்படி நடக்க வேண்டும் என்பதைக் காட்டிவிடுகிறேன். டிஎம், “அவன் ஃபயர்பால் எறிகிறான், எல்லோரும் டெக்ஸ்டெரிட்டி சேவ் உருட்டுங்கள்” என்று ஒரே மூச்சில் சொன்னால் கவுன்டர்ஸ்பெல்லுக்கு வாசலே இல்லை. ஆட்டக்காரர் குறுக்கிட்டுக் கத்த வேண்டியிருக்கும். மாறாக, “அவன் வலது கையை நீட்டி மந்திரம் சொல்லத் தொடங்குகிறான்” என்று சொல்லி ஒரு கணம் நிறுத்த வேண்டும். அந்த மௌனத்துக்குள் ஆட்டக்காரர் முடிவெடுக்க வேண்டும். யாரும் பேசாவிட்டால் மந்திரத்தின் பெயரைச் சொல்லித் தொடரலாம். நான்கைந்து அமர்வுகளில் இந்தத் தாளம் எல்லோருக்கும் படிந்துவிடும். எதிரணிக்கும் இதே மரியாதை வேண்டும்: ஆட்டக்காரர், “நான் மந்திரம் போடுகிறேன்” என்று சொல்லி நிறுத்த, டிஎம் தன் எதிரி மந்திரவாதி தடுப்பானா என்று முடிவு செய்த பின்பே பெயரைக் கேட்க வேண்டும்.

மந்திரத்தை அடையாளம் காண ஒரு வழி 2017இல் வந்த துணைநூல் ஒன்றில் உண்டு. ரியாக்ஷனைச் செலவழித்து ஆர்கேனா (மந்திர அறிவு) உருட்ட வேண்டும். எட்ட வேண்டிய எண்ணான டிசி, 15உடன் மந்திரத்தின் நிலையைக் கூட்டியது. ரியாக்ஷன் அதிலேயே போய்விடுவதால் அடையாளம் கண்டவரே தடுக்க முடியாது. அவர் கத்தி, பக்கத்தில் இருக்கும் இன்னொரு மந்திரவாதி தடுக்கலாம்; அதற்கு நேரம் உண்டா என்பது டிஎம்மின் தாராளத்தைப் பொறுத்தது.

பலன் 2014இல் இப்படி: எதிரியின் மந்திரம் மூன்றாம் நிலை அல்லது அதற்குக் கீழ் என்றால் உருட்டாமலேயே கலைந்துவிடும். அதற்கு மேல் என்றால், மந்திரம் போடும் திறனைக் கொண்டு ஒரு சோதனை. டிசி 10உடன் மந்திரத்தின் நிலை. இதில் ப்ரொஃபிஷியன்ஸி (தேர்ச்சிக்காகக் கூட்டும் எண்) சேராது என்பதை மறந்து அதையும் கூட்டிவிடுவது மிகவும் பரவலான பிழை. திறன் +4 உள்ளவர் ஐந்தாம் நிலை மந்திரத்தைத் தடுக்க 11 வேண்டும், சரி பாதி வாய்ப்பு. ஒன்பதாம் நிலைக்கு 15 வேண்டும், 30 சதவீதம். 2024இல் பாரம் எதிராளியிடம் மாறியது. அவர் உடலுறுதியைச் சோதிக்கும் கான்ஸ்டிட்யூஷன் சேவ் உருட்டித் தோற்றால் மந்திரம் கலையும். ஆனால் அவருடைய ஸ்லாட் செலவாகாது.

இனி அந்த வெடிப்பு. நீங்கள் ஃபயர்பால் போடுகிறீர்கள், எதிரி கவுன்டர்ஸ்பெல் போடுகிறான், அவனுடைய கவுன்டர்ஸ்பெல்லை நீங்கள் இன்னொரு கவுன்டர்ஸ்பெல்லால் தடுக்கிறீர்கள். 2014இல் இது முற்றிலும் சரி. ஆக்ஷனில் ஒன்று, ரியாக்ஷனில் ஒன்று, போனஸ் ஆக்ஷன் மந்திரம் எதுவும் இல்லை. ஆனால் அதே முறையில் ஏற்கெனவே ஹீலிங் வேர்ட் போட்டிருந்தால் தடுக்க முடியாது, கவுன்டர்ஸ்பெல் கான்ட்ரிப் அல்லவே. 2024இல் ஃபயர்பாலுக்கே உங்கள் ஒரே ஸ்லாட் செலவாகிவிட்டது; ஆகவே உங்கள் முறையில் உங்கள் மந்திரத்தை ஸ்லாட்டைக் கொண்டு நீங்களே காப்பாற்ற முடியாது. தோழர் ஒருவர் காப்பாற்றலாம், ஏனெனில் அவர் இந்த முறையில் எதையும் செலவழிக்கவில்லை. இரு பதிப்புகளையும் கலந்து ஆடும் மேசைகளில் இந்த ஒரு கேள்விக்கு முன்கூட்டியே விடை எழுதி வைத்துக்கொள்வது நல்லது.

பார்க்க முடியாத மந்திரத்தைத் தடுக்க முடியாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். சார்சரர் என்னும் மந்திரவாதி சப்டில் ஸ்பெல் திறனைக் கொண்டு ஒலியையும் சைகையையும் நீக்கி, கைப்பொருள் தேவைப்படாத மந்திரத்தைப் போட்டால், அங்கே பார்ப்பதற்கு எதுவுமே இல்லை.

கான்சன்ட்ரேஷன் சேவ்: மூன்று அடிக்கு மூன்று சேவா, மொத்தத்துக்கு ஒன்றா?

சில மந்திரங்கள் நீடிக்க, போட்டவர் கவனத்தை விடாமல் பிடித்திருக்க வேண்டும்; அதுவே கான்சன்ட்ரேஷன். அடிபட்டதும் அது அறுகிறதா என்று பார்ப்பதே இந்த சேவ். ஒவ்வொரு சேத மூலத்துக்கும் ஒன்று. டிசி 10, அல்லது அந்தச் சேதத்தில் பாதி, எது அதிகமோ அது. 2024 பதிப்பு இதற்கு 30 என்று உச்சவரம்பு வைத்தது. கான்ஸ்டிட்யூஷன் சேவ் +2 உள்ளவர் 28 சேதத்தை ஒரே அடியில் வாங்கினால் டிசி 14, தப்பிக்க 45 சதவீதம். அதே 28ஐ 14, 14 என்று இரண்டு அடியாக வாங்கினால் டிசி 10 இரண்டு தடவை. ஒவ்வொன்றுக்கும் 65, இரண்டையும் தாண்டுவதற்கு 42 சதவீதம். ஏறத்தாழ ஒன்றுதான்.

சிக்கல் மேஜிக் மிஸைலில். முதல் நிலையில் மூன்று அம்புகள், தவறவே தவறாது, ஒவ்வொன்றும் 1டி4+1. மூன்றும் ஒருவர்மேலேயே பாய்ந்தால் எத்தனை சேவ்? அம்பு ஒவ்வொன்றும் ஒரு மூலம் என்றால் மூன்று சேவ். மேற்சொன்னவர் மூன்றையும் தாண்டுவதற்கு 27 சதவீதமே. மந்திரம் முழுவதும் ஒரு மூலம் என்றால் ஒரே சேவ், 65 சதவீதம். ஒரு வாசிப்பில் இது சாதாரண முதல்நிலை மந்திரம். இன்னொன்றில் ஹேஸ்ட், ஹோல்ட் பர்சன் போன்ற கான்சன்ட்ரேஷன் மந்திரங்கள் எல்லாவற்றையும் அறுத்தெறியும் கத்தரிக்கோல். விதிநூல் ‘மூலம்’ என்பதற்கு வரையறை தரவில்லை. அம்பும் டிராகனின் மூச்சும் தனித்தனி என்று எடுத்துக்காட்டு மட்டும் தருகிறது.

அம்புகள் அனைத்தும் ஒரே நேரத்தில் தாக்குகின்றன என்று மந்திரமே சொல்வதால் நான் ஒரே மூலமாக எடுத்துக்கொள்கிறேன். ஸ்கார்ச்சிங் ரே அப்படியல்ல. ஒவ்வொரு கதிருக்கும் தனித் தாக்குதல் உருட்டு இருப்பதால் தனித்தனி சேவ் என்பதில் எனக்கு ஐயமே இல்லை. எதைத் தேர்ந்தாலும், கீழே பூஜ்யத்தில் விழுந்தவர் பற்றிய விடையிலும் அதே தேர்வைக் கடைப்பிடியுங்கள்.

ஃபயர்பால் மூலை திரும்புமா? ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் எறியலாமா?

2014 நூலின் ஃபயர்பால் மூலையைச் சுற்றிப் பரவும் என்று அந்த மந்திரமே சொல்கிறது. இது குறிப்பான விதி. பொதுவாக ஒரு வெடிப்பின் மையத்திலிருந்து உங்களுக்கு நேர்கோடு போட முடியாதபடி முழு மறைப்பு இருந்தால் நீங்கள் தப்பிவிடுவீர்கள். தூணுக்குப் பின்னால் ஒளிந்தவர் மற்ற பல வெடிப்புகளிலிருந்து தப்பலாம், ஃபயர்பாலிலிருந்து தப்ப முடியாது. 2024இன் ஃபயர்பாலில் மூலை திரும்பும் அந்த வரியைக் காணோம். ஆகவே அங்கே தூணுக்கு மதிப்பு கூடிவிட்டது.

மூடிய அறையில் தீ பின்னோக்கிப் பாயுமா என்று கேட்பவர்கள் பழைய பதிப்புகளின் கதையைக் கேட்டிருப்பார்கள். அட்வான்ஸ்டு டி அண்ட் டி காலத்தில் ஃபயர்பால் சுமார் 33,000 கன அடியை நிரப்பியே தீரும். 10 அடி அகலமும் 10 அடி உயரமும் கொண்ட சுரங்க வழியில் எறிந்தால் தீ மொத்தம் 330 அடி நீளத்துக்குப் பரவ வேண்டும். எறிந்தவரும் அவருடைய கூட்டாளிகளும் பெரும்பாலும் அதற்குள்ளேயே நிற்பார்கள். ஐந்தாம் பதிப்பில் 20 அடி ஆரம், அவ்வளவுதான்.

கண்ணாடி வேறு வகைத் தொல்லை. குறிவைக்கத் தடையற்ற பாதை வேண்டும் என்பது ஒரு விதி. பார்க்க முடியாத இடத்தில் வெடிப்பை வைக்க முயன்று, நடுவே தடையும் இருந்தால், வெடிப்பு தடைக்கு இப்பக்கமே நிகழும் என்பது இன்னொரு விதி. கண்ணாடிக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க முடிகிறது, பாதையோ அடைபட்டிருக்கிறது. இரண்டாம் விதி பாதிதான் பொருந்துகிறது. நான் முதல் விதியைப் பிடித்துக்கொள்கிறேன்: மூடிய கண்ணாடி தடைதான், அப்பால் குறிவைக்க முடியாது. முதலில் ஒருவர் கல்லெறிந்து உடைக்கட்டும், பிறகு மந்திரவாதி எறியட்டும். அம்பு எய்யும் துளை வழியாக எறிவதில் தடையில்லை. பாதையும் உண்டு, பார்வையும் உண்டு.

கிளெரிக்கின் ஒரு கையில் கேடயம், மறுகையில் கதாயுதம். மந்திரம் போட முடியுமா?

கிளெரிக் என்பவர் தெய்வத்தின் பேரில் மந்திரம் போடுபவர். அவருடைய கேடயத்தில் புனிதச் சின்னம் பொறித்திருந்தால், எந்த மந்திரம் என்பதைப் பொறுத்து விடை. பிளெஸ் மந்திரத்துக்கு ஒலி, சைகை, கைப்பொருள் மூன்றும் வேண்டும். கைப்பொருளுக்கு ஈடாகச் சின்னம் நிற்கிறது. கைப்பொருளைப் பிடித்த கையே சைகையும் செய்யலாம் என்பதால் கேடயக் கையே போதும். கியூர் வூண்ட்ஸுக்குக் கைப்பொருள் தேவையில்லை, சைகை மட்டும். அப்போது சின்னத்துக்கு வேலையே இல்லை, ஆகவே சைகைக்கு வெறுங்கை வேண்டும்! தேவை குறைந்த மந்திரத்தைப் போடுவது கடினமாகிறது. எழுத்தைப் பிடித்துத் தொங்கும் ஆட்டக்காரர் கதாயுதத்தைத் தரையில் போட்டு, மந்திரம் சொல்லி, இலவசமாகக் கிடைக்கும் பொருள் கையாளுதலால் அதைத் திரும்ப எடுத்துக்கொள்வார். இந்தக் கூத்தைச் சுற்றுக்குச் சுற்று பார்ப்பதைவிட, சின்னம் பிடித்த கை சைகை செய்யும் என்று விட்டுவிடுவதே மேல்.

விலை குறிப்பிட்ட கைப்பொருளை மட்டும் எந்தச் சின்னமும் ஈடு செய்யாது. ரிவைவிஃபைக்கு 300 தங்க நாணய மதிப்புள்ள வைரம் வேண்டும், அது கரைந்தும் போகும்.

எதிரி கதவைத் திறந்ததும் மந்திரம் எறிவேன் என்று காத்திருக்கிறேன். கதவு திறக்கவே இல்லை. ஸ்லாட் திரும்புமா?

திரும்பாது. ரெடி ஆக்ஷனில் மந்திரத்தை உங்கள் முறையிலேயே போட்டு, அதன் ஆற்றலைக் கையில் பிடித்து வைக்கிறீர்கள். அதற்குக் கான்சன்ட்ரேஷனும் வேண்டும். ஆகவே ஏற்கெனவே பிடித்து வைத்திருந்த ஹேஸ்ட் அறுந்துவிடும், அதைப் பெற்றிருந்த நண்பர் ஒரு முறை முழுக்கத் தள்ளாடி நிற்பார். போர்வீரருக்கும் இழப்பு உண்டு: கூடுதல் அடி தரும் எக்ஸ்ட்ரா அட்டாக் தன் முறையில் மட்டுமே செல்லும் என்பதால், காத்திருந்து அடித்தால் ஒரே அடிதான்.

ஒருவரின் நுரையீரலுக்குள் நீரை உண்டாக்கிக் கொல்லலாமா?

திறந்த பாத்திரத்தில் நீர் உண்டாகும் என்றே அந்த மந்திரம் சொல்கிறது. நுரையீரல் திறந்த பாத்திரம் அல்ல. இத்தகைய யோசனைகள் எல்லாவற்றுக்கும் ஒரே அளவுகோல்தான்: மந்திரம் தான் சொன்னதைச் செய்யும், சொல்லாததைச் செய்யாது. கிரீஸ் மந்திரத்தின் பசை தீப்பிடிக்கும் என்று எங்கும் இல்லை. பிடித்தால் சுவையாக இருக்கும் என்று டிஎம் நினைத்தால் அனுமதிக்கலாம். ஆனால் முதல்நிலை மந்திரம் ஒன்று மூன்றாம் நிலை மந்திரத்தின் சேதத்தைத் தரத் தொடங்கினால், அடுத்த அமர்வில் எல்லோரும் அதையே தூக்கிக்கொண்டு வருவார்கள். மாறாக, எதிரி அணிந்திருக்கும் இரும்புக் கவசத்தை ஹீட் மெட்டலால் பழுக்கக் காய்ச்சுவது கொடுமையாகத் தோன்றினாலும் மந்திரமே வெளிப்படையாகச் சொல்வது. அதற்குக் குறுக்கே நிற்காதீர்கள்.

பாதியின் பாதியை எப்படிக் கணக்கிடுவது?

எப்போதும் கீழ்நோக்கியே முழுமையாக்க வேண்டும். ஃபயர்பாலில் 27 சேதம். சேவில் தப்பியதால் 13. தீக்கு ரெசிஸ்டன்ஸ் (சேதத்தைப் பாதியாக்கும் தாங்குதிறன்) இருப்பதால் 6. ரெசிஸ்டன்ஸ் இரண்டு வழிகளில் கிடைத்திருந்தாலும் ஒரே தடவைதான் பாதியாகும்.

20 விழுந்தால் எல்லாமே வெற்றியா?

தாக்குதலுக்கு மட்டும். பூட்டைத் திறப்பதிலும் வழக்கமான சேவ்களிலும் 20 என்பது வெறும் 20தான். 20 விழுந்து பட்ட அடியான கிரிட்டிக்கலில் சேதப் பகடைகள் மட்டும் இரட்டிக்கும். ஸ்னீக் அட்டாக்கின் பகடைகளும் அதில் சேரும், கூட்டும் எண்கள் சேரா.

பதுங்கியிருந்து தாக்கினோம். முதல் சுற்று முழுவதும் எங்களுக்கே சொந்தமா?

‘திடீர்த் தாக்குதல் சுற்று’ என்று ஒன்று ஐந்தாம் பதிப்பில் இல்லை. எல்லோரும் முறை வரிசையைத் தீர்மானிக்கும் இனிஷியேட்டிவ் உருட்டுகிறார்கள். 2014இல் திகைத்து நிற்பவர் தன் முதல் முறையில் நகரவோ ஆக்ஷன் எடுக்கவோ முடியாது; அந்த முறை முடிந்ததும் அவருக்கு ரியாக்ஷன் வந்துவிடும். அதாவது வரிசையில் உங்களுக்கு முன்னால் இருந்த எதிரி மந்திரவாதி, நீங்கள் அடிக்கும் நேரத்தில் ஷீல்ட் போட்டுவிடலாம். 2024இல் திகைப்பு என்பது இனிஷியேட்டிவில் டிஸ்அட்வான்டேஜ் மட்டுமே.

பூஜ்யத்தில் விழுந்தவரை மறுபடி அடித்தால் என்ன ஆகும்?

நினைப்பதைவிட வேகமாகச் சாவார். உயிர்ப்புள்ளியான ஹிட் பாயிண்ட் பூஜ்யமானவர் தன் முறைதோறும் டெத் சேவ் உருட்டிப் பிழைக்கப் பார்ப்பார், மூன்று தோல்வி என்றால் சாவு. அவர்மேல் விழும் ஒவ்வொரு சேதமும் ஒரு டெத் சேவ் தோல்வி. கிரிட்டிக்கல் என்றால் இரண்டு. நினைவிழந்தவரை 5 அடிக்குள் நின்று தாக்கினால் பட்ட அடி தானாகவே கிரிட்டிக்கல். ஆகவே அருகில் நிற்கும் இரண்டு ஓநாய்கள் அடுத்தடுத்துக் கடித்தால் தோல்வி மூன்றைத் தாண்டிவிடும், அவர் ஒரு பகடைகூட உருட்டியிருக்க மாட்டார். மேலே சொன்ன மேஜிக் மிஸைல் தேர்வும் இங்கே வந்து நிற்கிறது: மூன்று அம்பும் மூன்று மூலம் என்று நீங்கள் முடிவு செய்திருந்தால், அது விழுந்தவருக்கு உறுதியான மரணம்.

ஒரே அடியில் சாவதும் உண்டு. உச்ச ஹிட் பாயிண்ட் 12 உள்ளவரிடம் 5 மிச்சம். 17 சேதம் விழுகிறது. ஐந்து போக மீதி 12. அது உச்சத்துக்குச் சமம், ஆகவே டெத் சேவுக்கே இடமில்லை. தொடக்க நிலைகளில் டிஎம் இதை மறந்துவிடுவதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன்.

வடிவமைப்பாளர் சமூக ஊடகத்தில் சொன்னது செல்லுமா?

அவருடைய கருத்தாகச் செல்லும். வெளியீட்டாளர் தொகுத்து வெளியிடும் சேஜ் அட்வைஸ் விடைகளே அதிகாரபூர்வமானவை. தனிப் பதிவுகள் அல்ல. மேசையில் இறுதிச் சொல் டிஎம்முடையது என்பதை நூலே சொல்கிறது.

நடுவில் தவறான தீர்ப்புச் சொல்லிவிட்டேன் என்று அடுத்த வாரம் தெரிந்தது. என்ன செய்வது?

நடந்ததைத் திருப்ப வேண்டாம், ஒரு விதிவிலக்கோடு: அந்தத் தவறால் ஒரு கதாபாத்திரம் செத்திருந்தால் திருப்பியே ஆக வேண்டும். மற்றபடி அமர்வு தொடங்கும்போதே, “கவுன்டர்ஸ்பெல்லில் ப்ரொஃபிஷியன்ஸியைச் சேர்த்துக்கொண்டிருந்தோம், இன்று முதல் சேர்க்க மாட்டோம்” என்று ஒரே வரியில் அறிவியுங்கள். அந்தத் தவறை நம்பி ஒருவர் ஒரு மந்திரத்தையோ ஃபீட்டையோ தேர்ந்திருந்தால், அதை மாற்றிக்கொள்ள அவருக்கு அன்றே வாய்ப்புக் கொடுத்துவிடுங்கள். சண்டை நடந்துகொண்டிருக்கும்போது நூலைப் புரட்ட நான் ஒரு நிமிடம் தருகிறேன். அதற்குள் கிடைக்காவிட்டால் ஆட்டக்காரருக்குச் சாதகமாகத் தீர்த்து, ஐயத்தைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொண்டு, அடுத்தவர் பெயரைக் கூப்பிட்டுவிடுவேன்.